இன்றியமையாப் பணியும் மடவார் வளாகமும்
பெருந்தொற்றுக் காலத் தொழில் வாழ்வு பற்றியதோர் ஆய்வு

முன்னுரை

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இறந்தோர் தொகையையே முதற்கண் கணக்கிடுவர். அஃது இயல்பே. ஆயின், பிழைத்திருந்தோர் அந்நாள்களில் எத்தொழில் செய்தனர், எத்தொழிலை இழந்தனர், எதனைக் கொண்டு உண்டனர் என்னும் வினாக்களுக்கு விடை தரும் சான்றுகள் அருகியே கிடைக்கின்றன. 1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்நாட்டு மக்கள் தொகை வளராது சிறிது குறைந்ததைக் குடிமதிப்புக் கணக்கு காட்டுகிறது. அக்காய்ச்சலின்போது ஒரு நெசவாளனின் தறி எத்தனை நாள் நின்றது என்பதை அக்கணக்கு காட்டுவதில்லை.

2020-ஆம் ஆண்டு தொடங்கிய கோவிட் பெருந்தொற்றின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு விடுமோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. நோயுற்றோர், இறந்தோர், தடுப்பூசி பெற்றோர் ஆகியோரின் எண்கள் நாள்தோறும் வெளியிடப்பட்டன. தொழில் இழந்தோரின் எண் அங்ஙனம் வெளியிடப்படவில்லை. ஆதலின், நிலப்பரப்பாற் சிறியதும் தொழில்வகையாற் பலவாறு விரிந்ததுமான ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்வும் தொழிலும் எவ்வாறு இடையறவு பட்டன என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் வைத்தியநாத சுவாமி கோயிலைச் சூழ்ந்த மடவார் வளாகத்தையும், அதனோடு தொழிலால் பிணைந்த இராசபாளையத்தையும் அவ்வாறு எடுத்துக்கொண்டோம்.

‘இன்றியமையாப் பணி’ என அரசாணைகள் வகுத்த வரம்பு நோயைத் தடுக்கும் பொருட்டு வேண்டியதாயிருந்தது. ஆயினும், ஒரு பணி மற்றொரு பணியைத் தாங்கி நிற்கும் ஊரில் அவ்வரம்பு இழைகளின் நடுவே சென்றது. அதனால் விலக்கப்பட்ட பணி மட்டுமன்றி விலக்குப் பெற்ற பணியும் தளர்ந்தது. இதுவே நாம் நிறுவ விழைவது.

1. பெயரும் இடமும்

மடவார் வளாகம் என்பது மடவார் விளாகம் எனவும் வழங்கும். மடவார் என்பது பெண்டிரைக் குறிக்குமாதலின், கோயிற் பணிபூண்ட ஆடல் மகளிர் வாழ்ந்த இடம் என்று இப்பெயர்க்குப் பொருள் கூறுவர். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘திருமடைவிளாகம்’ என்னுஞ் சொல் பயில வழங்குகிறது. கோயிலைச் சூழ்ந்து கோயிற் பணிமக்கள் குடியிருந்த தெருக்களை அது குறிக்கும். மடவிளாகம் என்னும் தெருப்பெயர் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் இன்றும் உண்டு. மடைவிளாகமே மடவார் விளாகமாயிற்றோ, மடவார் என்பதே முதற்பெயரோ என்பதை இங்கு முடிவு செய்ய வேண்டுவதில்லை. இரு வழியிலும் பொருள் ஓரிடத்தே சென்று நிற்கிறது. கோயிலால் வாழ்வோர் கோயிலைச் சூழ்ந்து குடியிருந்த இடம் இது.

இங்குள்ள இறைவன் பெயர் வைத்தியநாதன். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தம் வயிற்றுநோய் நீங்கப் பெற்றது இக்கோயிலில் என்று வழிவழிச் செய்தி கூறும். வழிபாடு முடிந்ததை மதுரைக்கு அறிவிக்கும் பொருட்டு வழிநெடுக முரசு மண்டபங்களை அவர் அமைத்தார் என்றும் கூறுவர். இச்செய்தியின் மெய்ம்மை எத்தகையதாயினும், இவ்வூரின் இயல்பொன்றை அது நன்கு உணர்த்துகிறது. கோயிலின் காலமே ஊரின் காலமாக இருந்தது. அக்காலத்தை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றித் தருவோர் தொடராக நின்றனர். ஒரு மண்டபத்து முரசு ஓய்ந்தால் அடுத்த மண்டபத்தான் செய்தி அறியான். தொழில்களின் தொடரும் இவ்வகையினதே என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. ஆணைகளின் வரிசை

2020 மார்ச்சு 11-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச்சு 22-இல் நாடெங்கும் ஒருநாள் ஊரடங்கு நிகழ்ந்தது. மார்ச்சு 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு தொட்டு நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அது மே 3, மே 17, மே 31 எனப் படிப்படியாக நீட்டிக்கப்பட்டுப் பின்னர்த் தளர்வுகளுடன் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டிடங்களும் மக்களுக்குத் திறக்கப்பட்டது 2020 செப்டம்பர் முதல் நாளிலேயே ஆகும்.

இவ்வாணைகளுக்கு அடிப்படையாயிருந்த சட்டங்களுள் ஒன்று, 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோயை ஒட்டி இயற்றப்பட்ட 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் ஆகும். குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சட்டமொன்று 123 ஆண்டுகள் கழித்து மீண்டும் முன்னிற்பது வரலாற்று மாணவர் கருதத்தக்கது. அச்சட்டம் மக்களை விலக்கவும் அடைக்கவும் அதிகாரம் தருகிறது. விலக்கப்பட்டோர் உண்பதற்கு வழிவகை எதனையும் அது கூறவில்லை. அவ்வழிவகை தனி ஆணைகளாலேயே செய்யப்பட வேண்டியதாயிற்று.

முதல் ஊரடங்கின் காலத்தைத் தமிழ்த் திங்களாற் கணித்தால் அதன் தாக்கம் நன்கு விளங்கும். அது பங்குனியில் தொடங்கிற்று. 21 நாள் முடியும் ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். வழிபாட்டிடங்கள் திறந்தபோது ஆவணி நடந்துகொண்டிருந்தது. பங்குனி உத்திரமும், சித்திரை வைகாசித் திருமணங்களும், கோடை விடுமுறைப் பயணங்களும், ஆடிப்பூரமும் இவ்விடைவெளிக்குள் அடங்கும். திருவில்லிபுத்தூர் போன்ற கோயிலூரில் தொழில் செய்வோர் ஆண்டு முழுமைக்கும் ஈட்டும் வருவாயின் பெரும்பகுதி இத்திங்கள்களில் வருவதே. ஆகவே நாள் கணக்கில் ஐந்து திங்கள் என்பது வருவாய்க் கணக்கில் ஏறத்தாழ ஓராண்டாக நின்றது எனலாம்.

3. கோயிலும் கூட்டமும்

கோயில்கள் அடைக்கப்பட்டன என்று பொதுவாகக் கூறுவர். நுணுகி நோக்கின் அக்கூற்று முழுவதும் பொருந்தாது. நாள்வழிபாடு நின்றதில்லை, குருக்களும் பட்டரும் உரிய வேளைகளில் பூசை செய்தனர். நின்றது மக்களின் வருகையே. வருகை நின்றதும், அதனை நம்பியோர் தொழில் நின்றது. பூத்தொடுப்போர், தேங்காய் பழம் விற்போர், காலணி காப்போர், வாடகை வண்டி ஓட்டுவோர், விடுதிப் பணியாளர், நாகசுரமும் தவிலும் இசைப்போர், பந்தல் அமைப்போர், திருமணச் சமையல் செய்வோர் ஆகிய அனைவரும் இவ்வகையினர். நோய்தீர்க்கும் பெயர் பூண்ட இறைவன் சந்நிதி நோயின் பொருட்டே மக்கட்கு அடைபட்டிருந்தது. இதனை முரண் எனப் பலர் பேசினர். வாயில் அடைபட்டதால் அடுப்பு அணைந்தோர் அதனை வேறு வகையாக உணர்ந்திருப்பர்.

ஆண்டாள் கோயில் ஆடிப்பூரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அத்திருத்தேரை வடம் பிடித்து இழுக்கப் பெருந்திரள் வேண்டும். கூடாதிருத்தலே மருந்தென அறிவிக்கப்பட்ட காலத்தில் கூடினாலன்றி நகராத தேர் நிலையிலேயே நிற்க நேர்ந்தது. 2020-இலும் 2021-இலும் தேரோட்டம் நிகழவில்லை. 2022 ஆகத்து முதல் நாளிலேதான் தேர் மீண்டும் வீதியில் உலா வந்தது. மதுரையில் அழகர் வைகையில் எழுந்தருளும் விழாவும் 2020, 2021 ஆகிய ஈராண்டும் ஆற்றில் நிகழவில்லை. ஆண்டாள் சூடிய மாலை திருவில்லிபுத்தூரிலிருந்து அவ்விழாவிற்குச் செல்வது மரபாதலின், ஓரூர் விழா மற்றோரூர்த் தொழிலோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்தது என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் சூலை 5 வரை வழிபாட்டிடங்கள் மீண்டும் மக்கட்கு மூடப்பட்டன. அதன் பின்னரும் சில காலம் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் மட்டும் அடைக்கும் முறை இருந்தது. ஏனை நான்கு நாள் திறந்திருந்தமையால் தொழில் பெரிதும் மீண்டது என எண்ணுதல் கூடாது. கோயில் வாயிற் கடைக்கு வாரத்தின் பிற நாள்களைவிட அம்மூன்று நாளுமே உயிர்நாடியாவன.

4. பாலும் பால்கோவாவும்

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலையும் சருக்கரையையும் அகன்ற வாணலியில் இட்டு, விறகடுப்பின் அளவான தீயில் கைவிடாது கிளறி ஆக்கப்படுவது அது. நெடுநாள் இருப்பு வைத்தற்கு உரியதன்று. தலைமுறை தலைமுறையாக நிலைத்த பெயர் புவிசார் குறியீட்டால் சட்டக் காப்பும் பெற்ற மறு ஆண்டிலேயே அதனை வாங்குவோர் வரவு அற்றது.

பால் இன்றியமையாப் பொருள். ஆதலின் அதன் விற்பனைக்கு விலக்கு உண்டு. பால்கோவாவோ பயணம் செய்வோர் வாங்கிச் செல்வது. புகைவண்டியும் பேருந்தும் நின்றபின் அதனை வாங்குவார் எங்கிருந்து வருவர்? தேநீர்க் கடைகளும் 2020 மே 11 வரை மூடியிருந்தன. ஆணையின் நோக்கில் பால் தடையின்றிச் செல்லும் பொருளாயினும், பாலைப் பெருமளவு கொள்ளும் அடுப்புகள் அணைந்தமையால் பாலுக்கும் நெருக்கடி நேர்ந்தது. ஆலையை நிறுத்தலாம், கறவையை நிறுத்தல் இயலாது. மாட்டுக்குத் தீவனம் நாள்தோறும் வேண்டும். பாலும் நாள்தோறும் சுரக்கும். ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்குப் பால்கோவாக் கடை இன்றியமையாததே என்பதை ஆணையின் பட்டியல் அறிந்திருக்க இடமில்லை.

5. பஞ்சு, நூல், தறி, துணி

இராசபாளையத்தின் தொழில் வளர்ச்சி பஞ்சோடு தொடங்குவது. பி. ஏ. சி. இராமசாமி ராசா 1936-இல் நிறுவிய இராசபாளையம் மில்சு அவ்வளர்ச்சியின் முதற்படிகளுள் ஒன்று. நாளடைவில் ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பல எழுந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் ஆகிய ஊர்களில் விசைத்தறிகள் பெருகி, மருத்துவமனைகளுக்கு வேண்டும் பேண்டேஜ் துணி நெய்வதே தனித்தொழிலாயிற்று. அத்துணி இந்தியாவின் பல பகுதிகளுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்கிறது.

நோய்க்காலத்தில் இத்தொழிலேனும் தழைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். மருந்தும் மருத்துவக் கருவிகளும் அவற்றிற்கான மூலப்பொருள்களும் ஆக்கும் தொழிலகங்களுக்கு நடுவண் அரசின் ஊரடங்கு நெறிமுறைகள் விலக்களித்தன. மருத்துவத் துணி அதனுள் அடங்கும் எனக் கொள்ளலாம். ஆயின் துணி தறியில் தானே தோன்றுவதில்லை. பஞ்சு ஆலைக்கு வரவேண்டும்; ஆலை நூல் தரவேண்டும்; நூல் தறிக்குச் செல்லவேண்டும்; நெய்த துணி வெளுக்கப்பட வேண்டும்; வெட்டிச் சுருட்டிப் பொதியப்பட வேண்டும். நூற்பாலை பொதுவாக ஆடைத் தொழிலைச் சார்ந்ததாகவே கருதப்படுவது. அதற்கு அத்தகைய பொது விலக்கு இல்லை. தொடரின் இறுதிக் கண்ணிக்கு மட்டும் விலக்களித்து, முதற் கண்ணியை நிறுத்திய நிலை இது.

வேறொரு செய்தியும் கருதற்குரியது. உடனே செய்ய வேண்டாத அறுவை மருத்துவங்கள் 2020-இல் பல நாடுகளில் ஒத்திவைக்கப்பட்டன. அதனால் முகக்கவசத்தின் தேவை பெருகிய அதே வேளையில் கட்டுத்துணியின் தேவையும் பெருகிற்று என ஒருதலையாகக் கூறுதல் பொருந்தாது. நோயே தொழிலை வளர்க்கும் என்னும் எளிய முடிபு இங்கு நிலைபெறவில்லை. தறிக்காரர்க்குக் கூலி, நெய்த அளவுக்கே. தறி நின்ற நாளின் கூலி பின்னர் எந்நாளும் வருவதன்று.

ஆலைத் தொழிலாளர் நிலை வேறு வகையினது. முறைமாற்றிப் பகலும் இரவும் ஓடும் ஆலை நின்றபோது, வெளியூரிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கிய தொழிலாளர் ஊர் திரும்ப இயலாதிருந்தனர். தொழிலாளர்க்கான தனிப் புகைவண்டிகள் நாட்டில் இயங்கத் தொடங்கியது 2020 மே முதல் நாளிலேயே. அதே மேத் திங்களில் தமிழ்நாட்டில் தொழிலகங்கள் குறைந்த ஆள்களுடன் இயங்க இசைவு பெற்றன. ஆலை திறக்க ஆள் வேண்டியபோது ஆள் ஊருக்குச் செல்ல வழி திறந்தது. இரண்டும் ஒரு காலத்து நிகழ்ந்தன.

6. வழியும் எல்லையும்

மதுரையும் தென்காசியும் இப்பகுதி மக்கள் நாள்தோறும் நாடும் ஊர்கள். பெருநோய்க்கு மதுரை அரசு மருத்துவமனை; வேலைக்கும் உறவுக்கும் சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோயில். மாவட்ட எல்லை என்பது அதுகாறும் வரைபடத்துக் கோடாக மட்டுமே இருந்தது. 2020-இல் அது காவலர் நிற்கும் வாயிலாயிற்று. திருமணம், இறப்பு, மருத்துவம் முதலிய சில காரணங்களுக்கே மின்னனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது.

சூன் முதல் நாள் பேருந்துகள் மண்டல வாரியாக ஓடத் தொடங்கியபோது விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டலத்திலும், தென்காசி மாவட்டம் திருநெல்வேலியோடு மற்றொரு மண்டலத்திலும் வைக்கப்பட்டன. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதன் எல்லை இராசபாளையத்திற்குத் தெற்கே அணித்தாகவே உள்ளது. எல்லைக்கு அப்பால் குடியிருந்து இப்பால் வேலை செய்தோர்க்கு ஆலை திறந்தும் பேருந்து இல்லை. அப்பேருந்துகளும் சூலை முதல் நாளில் மீண்டும் நின்று, செப்டம்பரிலேதான் ஓடின. பணிக்கு இசைவும் பயணத்திற்குத் தடையும் ஒருங்கே நிலவின் இசைவு ஏட்டளவினதே.

பள்ளிகளின் நிலையும் இத்தகையதே. பாடம் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும் சென்றது. ஆனால் பள்ளி என்பது பாடம் மட்டுமன்று. தாய் தறிக்கும் ஆலைக்கும் செல்லும் வேளையில் குழந்தை இருக்கும் இடமும், நண்பகல் உணவு பெறும் இடமும் அதுவே. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளிலேதான் திறந்தன. அதற்கு முன்னரே ஆலை திறந்தமையால், தாய்மார் பலர் வேலையா பிள்ளையா என்னும் வினாவிற்கு ஆட்பட்டனர்.

7. இரண்டாம் அலை

2021-இன் இரண்டாம் அலை தொழிலினும் உயிரையே முதன்மையாகத் தாக்கிற்று. தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று 2021 மே 21-இல் 36,184 என உச்சம் எய்தியது. இவ்வலையின் தொடக்கத்திலேயே திருவில்லிபுத்தூர் ஓர் இழப்பைக் கண்டது. சட்டமன்றத் தேர்தலில் இத்தொகுதியின் காங்கிரசு வேட்பாளராக நின்ற பி. எஸ். டபிள்யூ. மாதவராவ், ஏப்ரல் 6-இல் வாக்குப்பதிவு முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 11-இல், நோயால் மதுரையில் உயிர் நீத்தார். வாக்குகள் எண்ணப்பட்டது மே 2-இல். வழிபாட்டிற்கும் வேலைக்கும் கூடுதல் தீங்கென உணர்ந்த ஊர், வாக்குக்காகக் கூடியதன் விலையையும் அறிந்தது. தொழிலிழப்பைப் பேசும் நாம் ஆணைகள் வேண்டாதன என்று கூறுவதாக எவரும் கொள்ளற்க. தமிழ்நாட்டில் 38,000-க்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர் என்பது அரசுக் கணக்கு.

8. ஊரடங்கு என்னும் சொல்

ஊரடங்கு என்னும் சொல் பழைய வழக்கில் இரவில் ஊரார் துயிலும் அமைதியைக் குறிப்பது. ‘ஊரடங்கும் வேளை’ என்பர். அங்கு அடங்குவது ஊர் தானே. பின்னர் ஆணையால் ஊர் அடக்கப்படுவதற்கும் அச்சொல்லே ஆளப்பட்டது. இயற்கை அடக்கத்தின் மறுநாள் விடியல் உறுதி. ஆணையின் அடக்கத்திற்கு விடியும் நாள் பன்முறை தள்ளிவைக்கப்பட்டது.

தமிழ் மக்களுக்கு நோயிற் பிரிந்திருத்தல் புதிதன்று. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, அயலார் புகாது ஒழுகினர். ஆயின் அப்பிரிவு ஒரு வீட்டளவினது. சுற்றியுள்ள தெரு தொழில் செய்து அவ்வீட்டைத் தாங்கிற்று. தாங்கும் தெருவும் உடன் அடங்கியதே 2020-இன் வேறுபாடு.

முடிவுரை

அரசு வாளாவிருக்கவில்லை. 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு ரூ. 1,000-உம் உணவுப் பொருள்களும், தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு பெற்றோர்க்கு ரூ. 1,000-உம் வழங்கப்பட்டன. 2021-இல் குடும்ப அட்டைக்கு ரூ. 4,000 இரு தவணையாகத் தரப்பட்டது. மாதச் சம்பளமின்றிக் கோயில்களில் பணிபுரிந்தோர்க்கு ரூ. 4,000, 10 கிலோ அரிசி, 15 மளிகைப் பொருள்கள் ஆகியன அளிக்கப்பட்டன. இவ்வுதவிகளை ஒருசேர நோக்கின் ஓருண்மை புலனாகிறது. குடும்பத்திற்கான உதவி அட்டையின் வழியே சென்றது. தொழிலுக்கான உதவி பதிவேட்டின் வழியே சென்றது. பெயர் எழுதப்பட்டிருந்தோரை உதவி கண்டுகொண்டது. கோயில் வாயிலில் பூத்தொடுத்தும், பிறர் தறியில் நாட்கூலிக்கு நின்றும் வாழ்ந்து எவ்வேட்டிலும் பெயர் இல்லாதோரைத் தொழிலாளர் என அது கண்டிலது.

இவ்விடத்துப் பழங்கல்வெட்டுகளை நினைவு கூர்தல் தகும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர், தெரு, வீடு, பங்கு என ஒவ்வொருவராகக் கல்லில் எழுதுவித்தான். தையற்காரர், இசைவாணர், கணக்கர் முதலியோரின் பங்குகளையும் குறிப்பித்தான். அக்காலச் சமூகம் சமனுடையது என்பது நம் கருத்தன்று. ஆயினும் ஒரு பணி ஊருக்கு வேண்டுவது எனின் அதைச் செய்வோர் பெயரும் அவர்க்குரிய பங்கும் எழுதப்பட வேண்டும் என்னும் நெறி அதில் உண்டு. மடைவிளாகம் என்னும் சொல்லே அந்நெறியின் எச்சம் எனலாம்.

2023 மே 5-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோயின் நெருக்கடிநிலை முடிந்தது என அறிவித்தது. நெருக்கடியின் சான்றுகளோ நாள்தோறும் அழிகின்றன. கோயிற் கணக்கேடுகள், பால் கூட்டுறவுச் சங்கங்களின் கொள்முதற் பதிவுகள், ஆலைகளின் வருகைப் பதிவேடுகள், தறிக்காரரின் கூலிச் சிட்டைகள், அடகுக் கடைச் சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டுதலும், தொழில் இழந்தோரின் வாய்மொழியைப் பதிவு செய்தலும் பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறைகளின் உடனடிக் கடன் எனக் கருதுகின்றோம். அடுத்ததொரு நோய் வருங்கால் இன்றியமையாப் பணி எது என்னும் வினா மீண்டும் எழும். பட்டியல் வகுப்போர் கையில் அன்று இவ்வூரின் தொழில் தொடர் முழுமையும் எழுத்தில் இருத்தல் வேண்டும். முரசு மண்டபங்களுள் எது ஓய்ந்தால் எதற்குச் செய்தி எட்டாது என்பதை அவர்கள் அதனால் அறிவர்.